விலகாத மூட்டம்

கேமரன் மலையில் வெயில் ஏறினால் பனி விலகிவிடும். சிலர் மனத்தில் படிந்த மூட்டம் மட்டும் வாரக்கணக்கில் விலகுவதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஓர் அக்காவின் கொழுந்துக் கூடை வழக்கம்போல நிறைகிறது. ஆனால் அந்த அக்கா பக்கத்து நிரையில் யாரோடும் பேசுவதில்லை. கட்டிக்கொண்டு வந்த சோறு பிரிக்காமலே வீடு திரும்புகிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. கேட்டால், "உடம்பு அசதி" என்கிறார்.

இது சோம்பலும் இல்லை, செய்வினையும் இல்லை. தூக்கக் கேடு, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம், இவை அன்றாடம் இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் சுமார் 10 லட்சம் பேருக்கு இது இருந்தது. குணப்படுத்தக்கூடிய நோய்தான்.

தானா ராத்தா அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு கிளினிக்கிலோ, சர்க்கரை நோயைச் சொல்வதுபோல இதையும் கூசாமல் சொல்லுங்கள். 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை அழைத்தும் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், உடனே 999.

இன்று பக்கத்து நிரைக்காரரிடம், "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.