கலை பயில விரும்பும் நம் பிள்ளைகள்
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் லயத்துப் பிள்ளை படம் வரைந்தாலும் நடனம் ஆடினாலும், “இது சோறு போடுமா?” என்று கேட்டுவிடுகிறோம். கேள்வி நியாயமானதே. ஆனால் கேட்டதோடு எழுந்து போய்விடுவது நியாயமன்று. பிள்ளையோடு சேர்ந்து நாமும் பதிலைத் தேட வேண்டும்.

தேடும் காலம் நான்காம் படிவம். எஸ்.பி.எம். முடிவு வந்தபின் ஓடினால் போதாது. கலைக் கல்விக்கு மதிப்பெண் மட்டும் போதாது. ஆடிக் காட்டு, வாசித்துக் காட்டு, வரைந்ததைக் கொண்டு வா என்பார்கள். ஆகவே பிள்ளை வரைந்தவற்றை இன்றே தேதியிட்டுச் சேர்த்து வையுங்கள்.

பாடத்தையும் விடலாகாது. டிப்ளோமாவுக்குப் பொதுவாக 3 பாடங்களில் கிரெடிட் வேண்டும். மலாய்மொழியிலும் சரித்திரத்திலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது.

முதலில் அரசாங்கக் கல்விக்கூடங்களைப் பாருங்கள். 1994-இல் கோலாலம்பூரில் தொடங்கிய கலைக்கழகம் இன்று அஸ்வாரா என்ற பெயரில் நடனம், இசை, நாடகம், திரைப்படம் கற்பிக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் கலைத்துறை உண்டு. தனியார் கல்லூரியானால், அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். பி.டி.பி.டி.என். கொடுப்பது கடன், தானமன்று. திருப்பிக் கட்டும் தவணையைக் கணக்குப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

விண்ணப்பங்கள் இப்போது இணையத்தில்தான். கிராணிமார்களே, அதைப் பூர்த்தி செய்ய நீங்கள் கைகொடுக்க வேண்டும்.

ரப்பர்க் கன்று நட்டால் கத்தி வைக்க ஐந்தாறு ஆண்டுகள் பொறுக்கிறோம். நம் பிள்ளைக்காக இரண்டாண்டு முன்னதாகத் திட்டமிடக் கூடாதா?