அடுப்பங்கரைக்கும் மூச்சு வேணும்

(திருவண்ணாமலையில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குச் சேமிப்பு, கடன், தணிக்கை எதையும் பேசப் போவதில்லை. காற்றைப் பற்றிப் பேசப் போகிறோம். "காத்துல என்னம்மா இருக்கு பேசுறதுக்கு"ன்னு பின்வரிசையில சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறோம். வீடு கட்டும்போது வாசல் எந்தப் பக்கம், பூஜை மாடம் எங்கே, முன்பக்கம் என்ன பெயிண்டு என்று பத்து பேர் கூடிப் பேசுறாங்களே, அடுப்பங்கரை ஜன்னல் என்ன அளவு என்று உங்களில் எத்தனை பேரை மேஸ்திரி கேட்டார்? கை தூக்குங்க பார்ப்போம். தெரியுது, தெரியுது.

நம்ம அம்மா காலத்தில் பாதிக்கு மேல் கூரை வீடு, இல்லேன்னா ஓட்டு வீடு. சுவருக்கும் எரவாணத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். ஓட்டுக்கு ஓடு சந்து இருக்கும். விடியற்காலையில் தெருவில் நின்றால் கூரைக்குக் கூரை புகை எழும்புவது தெரியும். அந்தக் காலத்தில் கண் எரியவில்லை, இருமல் வரவில்லை என்று சொல்ல வரவில்லை. எல்லாம் இருந்தது. ஆனாலும் புகைக்கு ஒரு வழி இருந்தது. பிறகு தளம் போட்டோம். மழைக்கு ஒழுகாத வீடு, தீப்பிடிக்காத வீடு, நல்லதுதான். ஆனால் அடுப்பு அதே அடுப்பு, வேலிகாத்தான் விறகும் மல்லாட்டைக் கொடியும் அதேதான். கூரை மாறினபோது புகை போகிற வழி அடைபட்டுப் போனதை யாரும் கவனிக்கலை.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டில் 4 மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து பார்த்து 2002இல் வெளியிட்டார்கள். விறகு அடுப்பு வீட்டில், சமைக்கிற பெண் சராசரியாக ஒரு நாளில் சுவாசிக்கிற தூசு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் சமைக்காதவர்களுக்கு 90. வீடு ஒன்று, கூரை ஒன்று, மூச்சு மட்டும் ரெண்டு விதம். அடுப்பு எரியும் நேரத்தில் 500 முதல் 2000 வரை போயிருக்கிறது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்பு ஊதுகிறோமே, அந்தக் குழந்தைக்கும் அதே மூச்சுதான். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில், வீட்டுக்குள் உண்டாகிற புகையால் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "கொஞ்சம் புகைதானே" என்று நாமே நம்மைச் சமாதானம் செய்துகொள்கிறோமே, அதற்காகச் சொல்கிறோம்.

கேஸ் வந்த வீடுகளில் நிலைமை நிறைய மாறியிருக்கு. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் கர்ப்பிணிப் பெண்களுக்கு கேஸ் கொடுத்து ஒரே மாதிரி பெரிய ஆய்வு நடந்தது. கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த தூசு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறந்த குழந்தையின் எடையில் மட்டும் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியலை, அதையும் மறைக்காமல் 2022இல் வெளியிட்டார்கள். ஆக, முடிந்தவரை கேஸில் சமைப்பது முதல் வேலை. ஆனா நம்ம வீட்டு நிலவரம் நமக்குத் தெரியாதா? டீக்கும் குழம்புக்கும் கேஸ், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு. இட்லிக் கடை, முறுக்கு வியாபாரம் செய்கிற உறுப்பினர்களுக்கு விறகை விட வழியே இல்லை. கேஸிலேயே எல்லாம் சமைத்தாலும் தாளிப்பு நெடி, எண்ணெய்ப் புகை, வெக்கை எல்லாம் வெளியே போயாகணும்.

சரி, எவ்வளவு காற்று போதும்? இங்கேதான் டேப் எடுக்கணும்.

தேசியக் கட்டிட விதித்தொகுப்பில், அறையின் தரைப் பரப்பில் எத்தனை பங்கு திறப்பு இருக்கணும் என்று எழுதியிருக்கு. வறண்ட வெப்பப் பகுதிக்கு 10இல் 1 பங்கு, புழுக்கமான பகுதிக்கு 6இல் 1 பங்கு. கதவு இதில் சேராது. நமக்குச் சித்திரையில் வறட்சி, ஐப்பசியில் புழுக்கம், அதனால் 6இல் 1 என்று பெரிய கணக்கையே எடுத்துக்கலாம். சமையலறைக்குத் தனியாக இன்னொன்றும் சொல்லியிருக்கு: ஜன்னல் 1 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அதாவது பத்தே முக்கால் சதுர அடி. அதுவும் வெளியைப் பார்த்துத் திறக்கணும்.

10க்கு 8 அடி அடுப்பங்கரை என்று வைத்துக்கொள்வோம். 80 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 13 சதுர அடியும் கொஞ்சமும். மூன்றரை அடிக்கு மூன்றேகால் அடி ஜன்னல் ஒன்று வைத்தால் 11 சதுர அடிக்கு மேலே வந்துடும். மேலே கூரையை ஒட்டி 2 அடிக்கு 1 அடி வென்டிலேட்டர் ஒன்று. கணக்கு சரியாப் போச்சு. இதில் ஒரு ஏமாற்று இருக்கு, கவனிங்க. இப்போ எல்லாரும் நகர்த்துகிற கண்ணாடி ஜன்னல் போடுறாங்க. அது எப்போதும் பாதிதான் திறக்கும். 11 அடி ஜன்னல் என்று வாங்கினால் காற்று வர ஐந்தரை அடிதான். கொசுவலை போட்டால் அதிலும் குறையும், சமையல் பிசுக்கு படிந்தால் இன்னும் குறையும். மாதம் ஒருமுறை வலையைக் கழற்றிச் சோப்புத் தண்ணியில் கழுவணும்.

அளவு மட்டும் போதாது, இடமும் முக்கியம். சூடான காற்று மேலே போகும், குளிர்ந்த காற்று கீழே வரும். புகை போகிற வழி கூரையை ஒட்டி மேலே இருக்கணும், புதுக்காற்று வருகிற வழி எதிர்ப்பக்கம் கீழே இருக்கணும். ஒரு ஓட்டை மட்டும் போட்ட வெல்லப் பானையைக் கவிழ்த்தால் பாகு இறங்குமா? வெளியே போக ஒரு வழி, உள்ளே வர ஒரு வழி. இரண்டில் எது அடைபட்டாலும் மற்றது வேலை செய்யாது.

வாஸ்து பார்க்கிறவங்க அடுப்பை அக்னி மூலையில், தென்கிழக்கில் வைப்பாங்க. வைக்கட்டும், அதற்கு ஏற்ற மாதிரி திறப்பு வைத்தால் போச்சு. ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும். வீட்டுக்குள் நுழைந்து அடுப்பங்கரை வழியாக, கிழக்கு ஜன்னலில் புகையைத் தள்ளிக்கொண்டு போயிடும். ஐப்பசி கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும். அப்போ அதே கிழக்கு ஜன்னல் புகையைக் கூடத்துக்குத் தள்ளும். அந்த மாசங்களில் கிழக்கைச் சாத்திவிட்டுத் தெற்கு ஜன்னலையும் வென்டிலேட்டரையும் திறந்து வைங்க. தெற்கில் திறப்பே இல்லாத அக்னி மூலை கார்த்திகை மாசத்தில் பெரும்பாடு.

ஜன்னல் போதாத வீட்டுக்கு எக்ஸாஸ்ட் விசிறி. கடையில் போய் "ஒரு ஃபேன் கொடுங்க" என்று கேட்டால் இருப்பதை எடுத்துக் கொடுப்பாங்க. கணக்கோடு போங்க. சமையலறைக் காற்று மணிக்கு 10 முதல் 15 முறை மாறினால் நல்லது என்பது வழக்கமான கணக்கு. 12 என்று வைப்போம். 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம், ஆக 800 கன அடி. 12ஆல் பெருக்கினால் 9,600. விசிறிப் பெட்டியில் கன மீட்டரில் எழுதியிருப்பாங்க. 35ஆல் வகுத்தால் சுமார் 275 கன மீட்டர். 6 அங்குலச் சின்ன விசிறி சுமாராக அந்த அளவைத்தான் தள்ளும், அதுவும் புதுசா இருக்கும்போது. பிசுக்கு, வலை, எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்தால் பற்றாது. அதனால் 8 அல்லது 9 அங்குலம் வாங்குவதுதான் எங்கள் யோசனை. விறகு அடுப்பு என்றால் சந்தேகமே வேண்டாம், பெரியதுதான். அடுப்பங்கரைக்குத் தடுப்புச் சுவர் இல்லாமல் கூடத்தின் மூலையில் சமைக்கிறீங்கன்னா, கூடத்தையும் சேர்த்து அளக்கணும்.

கரண்டு பில் பயம் பல பேருக்கு. 40 வாட் விசிறி தினம் 3 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம். நமக்கு 100 யூனிட் இலவசம் இருக்கே, அதில் ஒரு ஓரம். டி.வி.க்குக் கணக்குப் பார்க்காத வீட்டில் இதற்கு மட்டும் ஏன் கணக்கு?

பொருத்தும்போது விசிறி கூரைக்குக் கீழே, அடுப்பு இருக்கிற பக்கத்துச் சுவரில், வெளியே தள்ளுகிற மாதிரி இருக்கணும். நேர் தீக்கு மேலே வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். திறந்த ஜன்னலை ஒட்டி வைக்காதீங்க. அந்த ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும், மூலையில் புகை அப்படியே நிற்கும். வெளிப்பக்கம் மூடித் திறக்கும் தகடு போட்டால் மழையும் பல்லியும் வராது. எல்லாம் முடிந்ததும் ஒரு ஊதுபத்தி கொளுத்துங்க. கதவுக்குக் கீழே பிடித்தால் புகை உள்ளே இழுபடணும், விசிறிப் பக்கம் பிடித்தால் வெளியே போகணும். எலக்ட்ரீஷியன் கூலி வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்து பார்த்துடுங்க.

புகைபோக்கி வைத்த அடுப்பு இருக்கிற வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு விசிறியைப் போட்டால், காற்று வர வேறு வழி இல்லாமல் புகைபோக்கி வழியாகவே உள்ளே இறங்கும். புகையும் கூடவே வரும். விசிறி ஓடும்போது ஒரு கதவாவது திறந்திருக்கணும். புகைபோக்கி தளத்துக்கு மேலே 2 அடியாவது நிற்கணும், கரியை மாதாமாதம் தட்டணும். ஒடிசாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்து நாலு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. முதல் வருஷம் புகை குறைந்தது. பிறகு அடுப்பைச் சரியாகப் பராமரிக்காமல், பயன்படுத்துவதும் குறைந்துபோய், பலனே இல்லாமல் போனது. நம்ம ஊரிலும் 1980களில் வந்த புகையில்லா அடுப்புகள் எத்தனை இன்றைக்கு நிற்குது?

கேஸ் வீட்டில் வேறு விஷயம். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படியும், மேலே இருக்கிற வென்டிலேட்டர் அதைத் தொடாது. அதனால் கீழேயும் ஒரு திறப்பு, குறைந்தது கதவுக்கு அடியில் இடைவெளி வேணும். நெடி வந்தால் விசிறி சுவிட்சைத் தொடவே கூடாது, போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசுங்க.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கிற உறுப்பினர்கள், "எங்களுக்குப் பக்கச் சுவரே இல்லையே, ரெண்டு பக்கமும் அடுத்த வீடு, எங்கே ஜன்னல் வைக்க"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்த நீளமான வீடுகளுக்கு மூச்சுக்குழாய் முற்றம்தான். அதைத்தான் இப்போ மழைக்குப் பயந்து ஷீட் போட்டு மூடிட்டோம். ஷீட்டை எடுக்க வேண்டாம். சுவருக்கு மேலே 1 அடி உயர்த்தி இரும்புக் குழாயில் நிறுத்தி, சுற்றிலும் வலை அடிங்க. ஷீட்டின் ஓரம் சுவரைத் தாண்டி வெளியே நீட்டியிருந்தால் சாரலும் அடிக்காது. தீபத்தின்போது சொந்தக்காரங்க கூட்டமும் சமையலுமாக வீடு திணறுமே, அப்போ வித்தியாசம் தெரியும். கிரிவலத்துக்கு வருகிறவங்களுக்கு ஏ.சி. அறை வாடகைக்கு விடுகிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: சுவரில் மாட்டுகிற ஏ.சி. உள்ளே இருக்கிற காற்றையேதான் குளிர வைத்துத் திருப்பி விடும், வெளிக்காற்றைக் கொண்டு வராது. நாலு பேர் படுக்கிற அறையில் மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் திறந்திருக்கட்டும். குளிர் நாடுகளில் இதற்கென்றே வடிகட்டியோடு இயந்திரம் வைக்கிறாங்க, நமக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இப்போ அவசரமான விஷயம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்திலும், பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்திலும் நம்ம உறுப்பினர்கள் வீடு கட்டுறாங்க. கனவு இல்லம் 360 சதுர அடி, மூன்றரை லட்சம். இடம் குறைவு, அதனால் அடுப்பங்கரைக்கு மிச்சம் கிடைத்த மூலைதான். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வரும் முன்னால் சொன்னால் வென்டிலேட்டருக்கு நாலு செங்கல் குறையும், அவ்வளவுதான். பூச்சு முடிந்த பிறகு சொன்னால் உடைக்கணும், கூலி, சிமெண்டு, வீட்டுக்காரர் முணுமுணுப்பு. "பொம்பளைக்கு என்ன தெரியும்"னு மேஸ்திரி சொன்னால், அளவு எழுதின தாளை நீட்டுங்க. தனியாகப் போகக் கூச்சமா இருந்தால் ஊக்குநரையும் பக்கத்து வீட்டு உறுப்பினரையும் கூட்டிக்கிட்டுப் போங்க.

கட்டி முடித்த வீடு என்றால் விசிறிக்கும் சுவர் துளைக்கும் கூலிக்கும் சேர்த்து உள்கடன் கேட்கலாம். மாடு, தையல் மிஷின் என்றால் உடனே தீர்மானம் போடுகிறோம், இதைக் கேட்டால் "ஆடம்பரம்"னு ஒதுக்குகிற குழுக்கள் இருக்கு. அந்தக் குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து மறுபடி பேசணும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த மாதம் வரும்போது ஆளுக்கொரு துண்டுத் தாளில் உங்க அடுப்பங்கரையின் நீளம், அகலம், உயரம், ஜன்னல் திறக்கிற அளவு எழுதிக்கிட்டு வாங்க. விறகா, கேஸா, ரெண்டுமா என்று ஓரத்தில் குறிச்சுடுங்க. டேப் இல்லாதவங்க புடவை முழத்தில் அளந்தாலும் சரி, முழத்துக்கு ஒன்றரை அடி என்று நாம் இங்கே உட்கார்ந்து மாத்திக்கலாம்.