எலிசபெத்து அரசியும் கண்டி அரசியும்



சில மாதங்களுக்கு முன்னர் இராகலைக்குச் சென்றிருந்தேன். நுவரெலியாவிலிருந்து வலப்பனைக்குப் போகும் வழியிலுள்ள சிறு நகரம் அது. மாலை மழைக்கு அஞ்சி ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றேன். பக்கத்துத் தோட்டத்து மாணவி ஒருத்தியும் தன் தமையனுடன் அங்கே நின்றாள். அவள் கையில் ஐரோப்பிய வரலாற்று நூல் ஒன்று இருந்தது. என்ன பாடம் என்று வினவினேன். "இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்து, ஐயா" என்றாள். பின்பு சற்றுத் தயங்கி, "அந்த இராணி எங்கே, இந்த இராகலை எங்கே? அவர் போட்ட சமயச் சட்டங்களைப் பாடமாக்கி எங்களுக்கு என்ன ஆகப் போகிறது, ஐயா?" என்று கேட்டுவிட்டாள்.

மழை விடுவதற்குள் அவளுக்கு நான் அளித்த விடை அரைகுறையானது. அதனை இன்று நிறைவு செய்ய முயல்கின்றேன்.

எலிசபெத்து அரசியார் 1558 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அரியணைக்கு உரியவரானபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதற்கு முந்திய பதினோராண்டுகளுள் அந்நாடு இரு முறை சமயம் மாறியிருந்தது. தம்பி ஆறாம் எட்வேட்டின் காலத்தில் புரட்டஸ்தாந்து மதம். தமக்கை மேரியின் காலத்தில் மறுபடியும் உரோமன் கத்தோலிக்கம். ஊர்க் கோவிலிலே கற்பீடத்தை இடித்து மரமேசை போட்ட அதே ஊரார், சில ஆண்டுகளில் மேசையை அகற்றிக் கற்பீடத்தை மீண்டும் எழுப்பினர். எலிசபெத்தின் காலத்தில் திரும்பவும் கல்லைப் பெயர்த்தனர். மேரியின் ஆட்சியில் ஏறத்தாழ முந்நூறு புரட்டஸ்தாந்தர் உயிரோடு எரிக்கப்பட்டனர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அரண்மனையில் முடி மாறுந்தோறும் குடியானவனின் வழிபாடும் மாறியது, மாறாதவனுக்கு நெருப்பு.

இந்த நிலையிலே இளம் அரசியார் செய்தது என்ன? 1559 ஆம் ஆண்டில் பாராளுமன்றத்தின் வாயிலாக இரு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, இங்கிலாந்துத் திருச்சபையின் மேலாட்சி போப்பாண்டவருக்கு அன்று, முடிக்கே உரியது என்றது. மற்றது, நாடெங்கும் ஒரே வழிபாட்டு நூலே வழங்க வேண்டும் என்றது. தந்தை எட்டாம் ஹென்றி திருச்சபையின் 'தலைவர்' எனப்பட்டார். மகளுக்கோ 'தலைமை ஆளுநர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. ஒரு பெண் திருச்சபைக்குத் தலைவியாகலாமோ என்று இரு தரப்பாரும் முகஞ்சுளித்தனர். சொல்லைச் சற்றே மாற்றி அவர்கள் வாயை அடைத்தார்கள். அதிகாரம் மாத்திரம் அப்படியே இருந்தது. அரசியார் தம் சொந்தச் சிற்றாலயத்திலே வெள்ளிச் சிலுவையையும் மெழுகுவர்த்திகளையும் வைத்துக்கொண்டார் என்பது சுவையான செய்தி. அவர் நியமித்த பேராயர்களே அதனைக் கண்டு மனம் நொந்தனர்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கோவிலுக்கு வந்தாக வேண்டும். வராதவருக்கு 12 பென்சு தண்டம். கூலியாளுக்கு அது ஒரு நாட் கூலியிலும் மிகுதி. மனத்துள் என்ன நினைக்கிறாய் என்று அரசு துருவி ஆராயவில்லை. வந்து இருந்தால் போதும். மேரியின் நெருப்போடு ஒப்பிட்டால் இது பெரிய தணிவே. ஆனால் 1570 ஆம் ஆண்டில் போப்பாண்டவர் ஐந்தாம் பியூசு, எலிசபெத்தைச் சபைவிலக்கம் செய்து, குடிகள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று அறிவித்தார். அன்று தொட்டு இங்கிலாந்துக் கத்தோலிக்கனின் நிலை இரங்கத்தக்கதாயிற்று. செபமாலையைக் கையிலெடுத்தாலே இராசத்துரோகியோ என்ற ஐயம். 1581 ஆம் ஆண்டில் கோவிலுக்கு வராதோர் தண்டம் மாதம் 20 பவுணாக உயர்த்தப்பட்டது. மறைந்து வாழ்ந்த குருமாரும் அவர்களுக்கு இடங்கொடுத்தோருமாக, இருநூற்றுக்குச் சற்றுக் குறைந்த தொகையினர் அவ்வாட்சியில் கொல்லப்பட்டனர். அரசியாரின் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற புரட்டஸ்தாந்தரிலும் சிலர் 1593 இல் தூக்கிலிடப்பட்டனர். ஸ்பானிய அரசனின் கடற்படை 1588 இல் சிதறியதைப் பாடப்புத்தகங்கள் பெருமிதத்தோடு சொல்லும். அப்படை வந்தபோது நாட்டுக்கு உண்மையாய் நின்ற கத்தோலிக்கரைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை.

மன்னன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்பது நம் நாட்டு வழக்கு. எலிசபெத்தின் இங்கிலாந்து அதைச் சட்டமாக்கியது. நமக்கும் இது புதிதன்று. கூன் பாண்டியனைச் சைவத்துக்கு மீட்ட மங்கையர்க்கரசியாரை நாம் போற்றுகிறோம். அக்கதையின் இறுதியில் வரும் சமணர் கழுவேற்றத்தை விரைந்து கடந்துவிடுகிறோம்.

இனி, மாணவியின் வினாவுக்கு வருவோம். அவள் நின்ற இடத்திலிருந்து மலையிறங்கினால் வலப்பனை. அதற்கும் அப்பால் ஹங்குராங்கெத்த. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்த இடம் அது. அவனுடைய தாயார் எலிசபெத்தின் காலத்தவர். குசுமாசன தேவி என்பது அவர் பெயர். போர்த்துக்கேயர் இட்ட பெயர் தோனா கத்தரீனா.

கண்டி மன்னன் கரலியத்த பண்டாரன், சீதாவக்கை இராசசிங்கனுக்குத் தோற்று நாட்டை விட்டோடித் திருகோணமலையில் அம்மை நோயால் மாண்டான். அவன் சிறுமகள் போர்த்துக்கேயர் கையிற் சேர்ந்தாள். ஞானஸ்நானம் பெற்று, நம் மன்னாரிலே கத்தோலிக்கப் பெண்ணாக வளர்ந்தாள். 1594 ஆம் ஆண்டில் பேரோ லோப்பஸ் த சூசா என்ற தளபதி பெரும்படையுடன் அவளைக் கண்டிக்கு அழைத்துச் சென்று அரசியாக்கினான். உரிமையுள்ள இளவரசியே என்று மக்கள் முதலில் வரவேற்றனர். ஆனால் அரசியைக் குடிகள் காண முடியவில்லை; சுற்றிலும் அந்நிய வீரர். ஒரு போர்த்துக்கேயனுக்கு அவளை மணமுடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சுப் பரவியது. உள்நாட்டுப் படையாட்கள் ஒவ்வொருவராக நழுவினர். தந்துறையில் அப்படை அழிந்தது; தளபதி மாண்டான்; அரசி சிறைப்பட்டாள்.

அவளைக் கைப்பற்றியவன் கோனப்பு பண்டாரன். அவனும் முன்னர் ஞானஸ்நானம் பெற்று, ஆஸ்திரியாவின் தொன் யுவான் என்று பெயர் தாங்கியவனே! ஆயினும் கண்டியின் அரியணை வேண்டுமாயின் கண்டியின் மதமும் வேண்டும் என்று அவன் நன்கறிந்திருந்தான். முதலாம் விமலதர்மசூரியன் என்ற பெயருடன் பௌத்தத்துக்குத் திரும்பினான். குசுமாசன தேவியை மணந்தான். சபரகமுவைத் தெல்கமுவையில் மறைத்து வைக்கப்பட்டிருந்த தந்ததாதுவைக் கண்டிக்குக் கொணர்ந்து மாளிகை எடுத்தான். துறவுநிலை அற்றுப்போயிருந்தமையால் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வருவித்தான். பரம்பரை உரிமை மனைவி வழி வந்தது. மக்களின் ஒப்புதலைத் தாது வழங்கியது. 1604 இல் அவன் இறந்தபின், முன்னர் பிக்குவாக இருந்த செனரத், அதே அரசியை மணந்தே அரசனானான்.

எலிசபெத்தோ எவரையும் மணக்கவில்லை. மணந்தால் ஆட்சி கணவன் கைக்குப் போகும் என்று அஞ்சியிருக்கலாம். கண்டி அரசிக்கு அந்தத் தேர்வே கிடைத்ததில்லை. ஒல்லாந்துக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் 1602 இல் கண்டி அரண்மனைக்கு வந்தபோது அரசியையும் பிள்ளைகளையும் கண்டான். அவர்கள் ஐரோப்பிய கிறித்தவர் முறையில் உடுத்திருந்தனர் என்று அவன் பயணக் குறிப்புக் கூறும். தாது மாளிகை எடுத்த அரசனின் வீட்டினுள்ளே மன்னார்ப் பழக்கம் மறையவில்லை போலும். 1613 இல் அவர் காலமானார். அவர் எழுதியதாக ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் குடிகள் அரசியின் மதத்தைப் பின்பற்ற வேண்டியிருந்தது. கண்டியிலோ அரசன் குடிகளின் மதத்தைப் பின்பற்ற வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு வியப்பான விளைவொன்றைத் தந்தது. தன் மதத்தில் தானே சுதந்திரம் இல்லாத கண்டி மன்னன், பிறர் மதத்துக்கு இடங்கொடுத்தான். கரையோரத்தில் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைச் செனரத் கிழக்கிலே குடியேற்றினான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை நெருக்கியபோது, யோசப் வாஸ் அடிகள் 1692 இல் கண்டிக்கு வந்தார். முதலில் ஒற்றன் என்று சிறைவைத்தார்கள். பின்னர் வழிபாடு நடத்த விட்டார்கள். இறக்கும் வரை அவர் அந்நாட்டில் பணி செய்தார்.

ஆனால் அரசனுக்கு இருந்த கட்டுப்பாடு கடுமையானது. மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், சியாமிலிருந்து பிக்குமாரை வருவித்து 1753 இல் பௌத்த துறவுநிலையைப் புதுப்பித்தவன். அவனைப் போலப் பௌத்தத்துக்குத் தொண்டு செய்தோர் சிலரே. அத்தகையவன் நெற்றியில் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது குற்றமாயிற்று. 1760 இல் அவனைக் கொல்லச் சூழ்ச்சி நடந்தது. பிக்குமாரும் பிரதானிகளும் அதில் இருந்தனர். சூழ்ச்சி வெளிப்பட்டதனால் உயிர் தப்பினான்.

1815 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இவ்விரு வழிகளும் ஒரே தாளிற் சந்தித்தன. கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, பௌத்த மதமும் அதன் சடங்குகளும் குருமாரும் வழிபாட்டிடங்களும் காக்கப்படும் என்று உறுதி கூறிற்று. உறுதி கூறியது எந்த முடி? எலிசபெத்து நிலைநாட்டிய திருச்சபையின் தலைமை ஆளுநராக இருக்கும் முடி! சட்டப்படி புரட்டஸ்தாந்தரே அணியக்கூடிய முடி! குடிகளின் மதத்தை அரசன் காக்க வேண்டும் என்பது கண்டி வழக்கு. ஆங்கிலத் தேசாதிபதிகள் அவ்வழக்கின்படி தாதுவின் காவலை ஏற்றனர். கிறித்தவ அரசு விக்கிரக வணக்கத்துக்குத் துணைபோவதா என்று மிஷனரிமார் சீறினர். வெஸ்லியன் சபையைச் சேர்ந்த ஸ்பென்ஸ் ஹார்டி 1839 இல் இதைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதினார். 1840களில் அரசு அக்கடமையிலிருந்து விலகத் தொடங்கியது. ஒப்பந்தம் முறிந்தது என்று கண்டிச் சிங்களவர் கொண்ட மனக்குறை நெடுங்காலம் ஆறவில்லை.

ஆனால் ஒரு மதத்தைக் காப்பதிலிருந்து விலகிய அவ்வரசு, மற்றொன்றிலிருந்து உடனே விலகவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயருக்கும் அரசாங்கக் குருமாருக்கும் இலங்கைப் பொதுவருவாயிலிருந்தே சம்பளம் சென்றது. அக்காலத்திலேதான் நம் மூதாதையர் கோப்பித் தோட்டங்களுக்கு மலையேறி வந்துகொண்டிருந்தனர். அவர்கள் உண்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அரிசி. அந்த அரிசிக்குத் துறைமுகத்திலே தீர்வை உண்டு. தீர்வை பொதுவருவாயிற் சேரும். மாரியம்மனுக்குக் கல்நட்டுக் கற்பூரம் ஏற்றிய லயத்து மனிதன், தான் ஒருநாளும் கால்வைக்காத கோவிலின் குருவுக்குத் தன் சோற்றிலிருந்து ஒரு பங்கு கொடுத்துவந்தான். எலிசபெத்தின் 12 பென்சு, கோவிலுக்கு வராதவனிடம் வாங்கிய தண்டம். இதுவும் வராதவனிடம் வாங்கியதே. வாங்கியது அவனுக்குத் தெரியாது என்பது ஒன்றே வேறுபாடு.

அம்மானியத்தைப் படிப்படியாக நிறுத்துவதென்று 1881 ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. எலிசபெத்தின் சட்டங்கள் இரண்டும் நிறைவேறி அப்போது 322 ஆண்டுகள் ஆகியிருந்தன.