ஒரே எழுத்து, இரு பொருள்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பட்டறையொன்றைக் காணச் சென்றிருந்தேன். அங்கே தொழில் பயிலும் திருவள்ளூர் மாணவர் ஒருவர், மோட்டாரின் தகட்டில் '415 வி' என்று பொறித்திருப்பதைக் காட்டினார். "ஐயா, வகுப்பில் 'வி = 415 வி' என்று எழுதினோம். இருபுறமும் வி-யை அடித்துவிட்டால், ஒன்றும் 415-ம் சமம் என்றாகாதா?" என்று வினவினார்.

நகைப்பதற்குரிய வினா அன்று. இடப்புறத்து வி, மின்னழுத்தம் என்னும் அளவு. வலப்புறத்து வி, வோல்ட் என்னும் அலகு. அச்சில் அளவின் குறியீட்டைச் சாய்த்தும் அலகின் குறியீட்டை நிமிர்த்தியும் பதிப்பது உலக மரபு. எம் என்னும் எழுத்து சாய்ந்தால் நிறை, நிமிர்ந்தால் மீட்டர். கரும்பலகையில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. வானொலியிலோ கேட்கவே வேண்டா!

"மின்னோட்டத்துக்கு 'ஐ' எதற்கு?" என்றும் கேட்டார். பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் அதன் செறிவைக் குறித்த 'இன்டான்சித்தே' என்னும் சொல்லின் முதலெழுத்து அது. மின்னோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ 'கரண்ட்'. ஆங்கிலவழி மாணவருக்கும் அது இரவல் எழுத்தே! தமிழ்வழியில் பயின்ற அவர் முகம் சற்றே மலர்ந்தது. பின்பு குறிப்பேட்டை எடுத்து, பழைய வரியை அடித்துவிட்டு, 'மின்னழுத்தம் = 415 வோல்ட்' என்று எழுதிக்கொண்டார்.