மூன்றாம் தரம் சொல்லும் முன்



“ஒரு தரம்! இரண்டு தரம்! மூன்று தரம்!”

ஏலம் முடிந்தது. இனி “வேண்டாம்” என்றால், கட்டிய பணம் கையை விட்டுப் போகலாம். அதனால், தெரிந்துகொள்ள வேண்டியதை மூன்றாம் தரம் சொல்லும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசு அலுவலகங்களில் மேசை, நாற்காலி, பீரோ, மின்விசிறி, ஜெனரேட்டர், பழைய இரும்பு எனப் பல பொருள்கள் சேரும். வேலைக்கு உதவாது என்று முடிவானால் அவற்றைக் கழித்துவிடுவார்கள். ‘கண்டம் செய்தது’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அவை ஏலத்துக்கு வரும்.

கேட்பாரற்ற பொருள்களும் ஏலத்துக்கு வரும். காவல் நிலையத்தில் சொந்தக்காரர் தெரியாத சைக்கிள் கிடக்கிறது. அதை உடனே விற்க முடியாது. நீதிமன்ற நடுவர் அறிவிப்புக் கொடுப்பார். சொந்தக்காரர் 6 மாதத்துக்குள் வந்து உரிமை கோரலாம். யாரும் வராவிட்டால்தான் விற்பனை. உங்கள் சைக்கிள் தொலைந்தால் சும்மா இருக்காதீர்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அங்கே கிடைத்த சைக்கிள்களையும் போய்ப் பாருங்கள்.

ஏலம் நடப்பது எப்படித் தெரியும்? அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டுவார்கள். செய்தித்தாளிலும் போடுவார்கள். அந்தமானில் ‘டெய்லி டெலிகிராம்ஸ்’ அரசு நடத்தும் ஆங்கிலப் பத்திரிகை. ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து கேள்விகளை நீங்கள் கேளுங்கள்.

பொருள் எங்கே இருக்கிறது? என்றைக்குப் போய்ப் பார்க்கலாம்? முன்பணம் எவ்வளவு? வரி எவ்வளவு? எத்தனை நாளுக்குள் எடுத்துப் போக வேண்டும்?

‘இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்று அறிவிப்பில் எழுதியிருக்கும். ஓடாத மின்விசிறியை எடுத்தால் ஓடாத மின்விசிறிதான் கிடைக்கும். பிறகு புகார் சொல்ல முடியாது. அதனால் நேரில் போய்ப் பாருங்கள். தொட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.

தீவுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது பழமொழி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாயாபந்தரில் ஓர் அம்மா தேநீர்க் கடை வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 5 இரும்பு மேசைகள் வேண்டும். புதிதாக வாங்கினால் 10,000 ரூபாய். ஸ்ரீ விஜய புரத்தில் ஏலம். போர்ட் பிளேருக்கு 2024 முதல் அதுதான் பெயர். அங்கே அவர் 6,000 ரூபாய்க்கு எடுக்கிறார். 4,000 ரூபாய் லாபமா? பாருங்கள்.

ஏலத் தொகை 6,000. வரி 18 சதவீதம் என்றால் 1,080. லாரி வாடகை 2,500. ஏற்றி இறக்கும் கூலி 500. வெல்டிங் செலவு 800. மொத்தம் 10,880 ரூபாய். 880 ரூபாய் நஷ்டம்!

அதே மேசைகளை 4,000 ரூபாய்க்கு எடுத்திருந்தால்? வரி 720. மற்றச் செலவு 3,800. மொத்தம் 8,520. 1,480 ரூபாய் மிச்சம்.

ஆகவே, எவ்வளவு வரை கேட்கலாம் என்பதை வீட்டிலேயே காகிதத்தில் எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவர் ஏற்றிக் கேட்டால் நமக்கும் வேகம் வரும். வேகத்தை நம்பாதீர்கள். காகிதத்தை நம்புங்கள்.

பணத்தை எப்போது கட்டுவது? மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நேரடி ஏலத்தில் பொருளை எடுத்தவர் தொகையில் 25 சதவீதத்துக்குக் குறையாமல் அங்கேயே கட்ட வேண்டும். மீதியைக் கட்டிய பிறகே பொருள் கைக்கு வரும். 4,000 ரூபாய்க்கு எடுத்தால் உடனே 1,000 ரூபாயாவது வேண்டும்.

இப்போது பல ஏலங்கள் கணினி வழியே நடக்கின்றன. எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் அவற்றில் பலவற்றை நடத்துகிறது. முதலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பான் அட்டை வேண்டும். “நான் முடித்துத் தருகிறேன், என் கணக்கில் பணம் போடு” என்று யாராவது சொன்னால் போடாதீர்கள். அறிவிப்பு கொடுத்த அலுவலகத்தில் விசாரியுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

பழைய அரசு ஜீப்பை மலிவாக எடுத்து ஓட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அதைப் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் உடைக்க வேண்டும். அந்த ஜீப் சாலைக்கு வராது.

ஏலத்தில் மலிவு உண்டு. ஆனால் பார்த்தவருக்கும், படித்தவருக்கும், கணக்குப் போட்டவருக்கும்தான் அது கிடைக்கும். எழுத்தும் எண்ணும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன. பயன்படுத்துங்கள்.