வாழ்ந்த வீட்டிலேயே முதுமை



2011ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, நம் நாட்டில் 60 வயது கடந்தோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். அவருள் 7 கோடிக்கு மேற்பட்டோர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். மக்கள் பிழைப்பு நாடி வெளியூர் சென்றுவிட, கணவனும் மனைவியுமாகவோ தனியராகவோ காலங்கழிக்கும் முதியோர் இன்று பலர். இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘யார் வைத்துக்கொள்வது?’ என்னும் வினாவே முதலில் எழுகின்றது. முதியவரை ஒரு பண்டமாக எண்ணும் வினா அது. அவர் தாம் வாழ்ந்த வீட்டிலேயே, தம் விருப்பப்படி வாழ்வதற்கு என்ன வேண்டும் என்று கேட்பதே முறை.

உடல் வலிமை வேண்டும் என்பர். மெய்தான், ஆயினும் உடலுக்கு உள்ள பங்கு வீட்டிற்கும் உண்டு. 65 வயது கடந்தவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர், ஆண்டில் ஒருமுறையேனும் கீழே விழுகின்றார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இடுப்பெலும்பு முறிந்தவருள் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை. எலும்பு முறியாவிடினும் அச்சம் பற்றிக்கொள்கின்றது. அச்சத்தால் நடை குறைகின்றது. நடை குறையக் குறையக் கால்கள் வலுவிழக்கின்றன. வலுவிழந்த கால்கள் மீண்டும் இடறுகின்றன. இதனைத் தடுக்கப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. வழுக்காத குளியலறைத் தரை, பற்றிக்கொள்ளச் சுவரில் ஓர் இரும்புக் கம்பி, இரவில் கழிப்பிடம் வரை ஒரு சிறு விளக்கு, குந்தி அமர இயலாதவர்க்கு உயரமான இருக்கை ஆகியவையே பெரிதும் உதவும். கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருக்கும் வீடுகள் எத்தனை!

கண்ணில் புரை படர்ந்தவர்க்கு அறுவை செய்வித்தலும் இத்தகைய காப்பே. 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் வழியே இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. எனினும், மருத்துவமனை வரை உடன் வர ஆளின்றி, மங்கிய கண்ணோடு திண்ணையில் அமர்ந்திருப்போர் உளர்.

அடுத்து வேண்டுவது கையிற் பொருள். வறிய முதியோர்க்கான உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு, 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 முதல் 500 ரூபாய். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. இது போதும் என்று எவரும் சொல்லார். ஆயினும், மகனையோ மருமகளையோ கேளாமல் வெற்றிலையும் மருந்தும் வாங்க ஒருவர் கையில் இருக்கும் பணத்தின் மதிப்பு, அதன் அளவினும் பெரிது. அது முதியவர் கைக்கே சேர வேண்டும். பிறர் பெற்று, அளந்து கொடுப்பது உதவியாகாது.

வீடும் பொருளும் இருந்தும், மனித முகம் காணாதவர் நெடுநாள் தனித்து வாழ்தல் அரிது. இவ்வகையில் கேரளத்தின் பணி குறிப்பிடத்தக்கது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிப்புப் பணி, முதலில் பெரும்பாலும் புற்றுநோயாளர்க்கே பயன்பட்டது. பின்னர் அக்கம்பக்கத்தார் குறுகிய பயிற்சி பெற்று, படுக்கையில் கிடக்கும் முதியோரின் இல்லங்களுக்கும் செல்லலாயினர். 2008இல் மாநில அரசே இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. தாதி வந்து புண்ணைக் கழுவி, மருந்து தந்து செல்வார். அவர் மீண்டும் வரும் வரை கதவைத் தட்டி, மருந்து உண்டாயிற்றா, வீட்டில் அரிசி இருக்கின்றதா என்று கேட்பவர் அத்தெருவினரே.