நேரம் தவறுவது பிறவிக் குணமா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கூட்டம் 5 மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். இப்போது மணி 5.35. இதற்கெல்லாம் நாம் பழகிப்போனவர்கள். ஆனாலும் சென்ற மாதம் நடந்த ஒரு காரியம் என் மனதை உறுத்துகிறது.

புறநோயாளிப் பிரிவுக்கு 9 மணிக்கு வரச் சொல்லியிருந்த பாட்டியம்மா ஒருவர் 11 மணிக்கு வந்து சேர்ந்தார். டாக்டர் ஆபரேஷனுக்குப் போய்விட்டார். "நம் ஜனங்களுக்கு நேரத்தின் அருமையே தெரியாது" என்று அந்த அம்மாளின் காதுபடவே சொல்லிவிட்டேன்.

நேரந்தவறாமை சிலருக்கு இரத்தத்திலேயே ஊறியது என்று நினைக்கிறோம். உடனே ஜப்பானைச் சொல்லுவோம். 2017 நவம்பரில் அங்கே ஒரு ரயில் 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்காக ரயில் கம்பெனியார் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் 1857 முதல் 1859 வரை நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுத்த டச்சு அதிகாரி கட்டன்டைக்கெ, அதே ஜப்பானியரின் சாவகாசத்தைக் கண்டு சலித்து எழுதினார்.

அவர்கள் சோம்பேறிகளல்ல. பகலை 6 பங்காகவும் இரவை 6 பங்காகவும் பிரித்திருந்தார்கள். கோடையில் பகற்பொழுதின் பங்கு நீளும், குளிர்காலத்தில் குறுகும். நிமிடக் கணக்கு அன்றாட வாழ்வுக்குத் தேவைப்படவில்லை.

1872-இல் டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1873-இல் சம அளவான 24 மணிநேரம் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடமும் ஆலையும் ராணுவமும் அதைப் பழக்கின. 1920 முதல் ஜூன் 10-ஆம் தேதியை 'நேர நாள்' என்று அனுசரிக்கிறார்கள். இரத்தம் மாறவில்லை, பிரியமானவர்களே. வாழ்க்கை முறை மாறியது.

பிற்பாடு அந்தப் பாட்டியம்மாளிடம் விசாரித்தேன். "மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன் ஐயா" என்றார். அவர் ஊருக்கு முதல் பஸ்ஸே 8.30-க்குத்தான். அதற்கு முன்பே மாட்டைக் கறந்து, 3 கிலோமீட்டர் நடந்து வந்து காத்திருந்தார். அவர் பிந்தவில்லை, நாங்கள்தான் அவருக்கு ஆகாத நேரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மருந்து வேளையும் ஆபரேஷன் நேரமும் கடிகாரத்தின்படிதான் நடக்க வேண்டும். அதை ஜனங்களுக்குப் பொறுமையாய்ப் பழக்கலாம், பழிக்க வேண்டாம். இப்போது சீட்டு எழுதும் முன், "உங்க ஊர் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஸ்கூட்டரும் காரும் உள்ள நாம் 5 மணிக்கே வந்துவிடுவோம். பஸ்ஸில் வருகிறவர்களுக்காகச் சற்றுக் காத்திருப்போம்.